மிஸ்யேவின் நாடியும் ஒரு டப்பா மண்ணும்

உம்மு சல்மா பணி ஓய்வு பெறும்வரை மனிதர்களுக்கு ஈ.சி.ஜி. எடுத்தார். இப்போது காரைக்காலில் டாக்டர் உமாமகேஸ்வரியின் கால்நடை கிளினிக்கில் நாய்களுக்கு எடுக்கிறார். "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று பழகிய வாய், "ஆடாம படு ராசா" என்கிறது. மனிதர்களைவிட நாய்கள் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது அவர் கட்சி.

கிளினிக்கில் கைகழுவும் தொட்டியருகே ஒரு டப்பா இருக்கும். உள்ளே சலித்த மண், திருமலைராயன்பட்டினத்து வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்தது. நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்து. மார்க்கம் சொன்ன அந்த முறையில் வளர்ந்தவர் அவர். தினமும் அந்தப் பாடு வேண்டாமென்று கையுறையை இரண்டடுக்காகப் போட்டுக்கொள்வார்.

போன மாதம் ஒரு காலை நெரவியிலிருந்து ஆட்டோவில் மிஸ்யே வந்தது. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரர் குட்டியைப் பெயரோடுதான் கொடுத்திருந்தார்; பிரெஞ்சில் 'துரை' என்று அர்த்தம். இதயம் வீங்கிய டாபர்மேன். நுரையீரலில் நீர் சேராமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தது. அன்று வயல் வரப்பில் சுருண்டு விழுந்துவிட்டது. தூக்கிவந்த தெட்சிணாமூர்த்தியின் சட்டையெல்லாம் சேறு. அவர் மனைவி வடிவாம்பாள் குனிந்து நாயின் தலையைத் தாங்கியிருந்தார். பிள்ளையில்லாத வீட்டில் வளர்ந்த நாய்.

சல்மா கிளிப்புகளை மாட்டினார். திரையில் அகலமான, அவசரத் துடிப்புகள் சரம் சரமாக ஓடின.

"நீர் மாத்திரை ஒழுங்கா குடுக்குறீங்களா?" என்றார் டாக்டர்.

"ஒருநாள் தவறாம நான் குடுத்துருவேங்க," என்றார் தெட்சிணாமூர்த்தி.

வடிவாம்பாள் நிமிர்ந்தார். "நீங்களா? நான்ல இட்லிக்குள்ள வச்சுக் குடுக்குறேன்!"

"நான் கருவாட்டுக்குள்ள வச்சு..."

"கருவாடா? இந்த நாய்க்கு உப்பே ஆகாதுன்னு சொன்னேனே!" என்றார் டாக்டர்.

"ரெண்டு பேரும் போட்டி போட்டு ஊட்டிருக்கீங்க," என்றார் சல்மா. "தொரைக்கு என்ன, ரெண்டு தீனி. வாயத் தொறப்பாரா?"

இரட்டிப்பு மாத்திரையால் அதிகம் போன சிறுநீரோடு பொட்டாசியமும் மக்னீசியமும் போயிருந்தன. இரண்டும் குறைந்தால் இதயம் தாளம் தப்பும். பொட்டாசியம் ஏற்கெனவே சொட்டு மருந்தாக ஏறிக்கொண்டிருந்தது. துடிப்பை அடக்கும் முதல் ஊசிக்கு மிஸ்யே மசியவில்லை. மக்னீசியத்தை குளுக்கோஸில் கலந்து நரம்பு வழியாக மெதுவாக ஏற்ற டாக்டர் முடிவு செய்தார். வேகமாக ஏறினால் ரத்த அழுத்தம் விழும். இதயம் மந்தமாகிவிடும். திரையில் கோடு அழகாக ஓடும்போதே நாடி மங்கிப்போகலாம். அழுத்தம் பார்க்கும் கருவியோ நடுங்கும் காலில் எதையும் காட்டவில்லை.

"அக்கா, தொடையில நாடியப் புடிச்சுக்குங்க. கொறஞ்சா உடனே சொல்லுங்க."

சல்மா தொடையின் உட்புறம் விரல் வைத்தார். இரண்டடுக்கு உறைக்குள் எதுவும் தட்டுப்படவில்லை. மிஸ்யேவின் உடம்பெல்லாம் ஸ்பிரிட்டும் எச்சிலும். உறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் விரலை வைத்தார்.

"அக்கா, ஒங்களுக்கு இது ஆகாதே," என்றார் வடிவாம்பாள்.

"மண்ணு இருக்கு, கொழாயில தண்ணி இருக்கு. பேசாம இரும்மா, எண்ண வுடு."

சொட்டுச் சொட்டாக இறங்கியது. சிதறிய துடிப்புகளுக்கு நடுவே ஒழுங்கான துடிப்புகள் தலைகாட்டின. தெட்சிணாமூர்த்தி திரையைப் பார்த்துச் சிரித்தேவிட்டார். சல்மா சிரிக்கவில்லை.

"மெலியுது டாக்டரம்மா. நல்லா மெலியுது."

டாக்டர் சொட்டை நிறுத்தினார். சல்மா கண்ணை மூடியபடி விரலுக்குக் காது கொடுத்தவர்போல் இருந்தார்.

"வருது... ம், இப்ப நல்லாத் தட்டுது."

மறுபடி இன்னும் மெதுவாகத் தொடங்கினார்கள். பாட்டில் காலியானபோது கோடு சீராக ஓடியது, விரலடியில் நாடியும் சீராக அடித்தது. மிஸ்யே தலையைத் தூக்கி, சல்மாவின் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஆசையாக ஒரு நக்கு நக்கியது.

"சரியாப் போச்சு," என்றார் சல்மா. "இனிமே முழுக்கையும் கழுவணும்."

அன்று டப்பா மண் தீர்ந்துபோனது.

அடுத்த பரிசோதனைக்கு மிஸ்யே தானே நடந்து வந்தது. இதய நோய் போகவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை. ஆனால் இப்போது மாத்திரை வடிவாம்பாளின் பொறுப்பு மட்டும். கருவாடு கிடையாது. வந்ததும் அவர் பையிலிருந்து ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து நீட்டினார். நிறைய மண்.

"எங்க வயலு மண்ணுக்கா. காயவச்சு சலிச்சேன். உரம் போடாத மூலையில எடுத்தது."

சல்மா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தொரை அந்த மூலைக்குப் போவாரா?"

"அந்தப் பக்கமே வுடுறதில்லக்கா. அன்னிக்கும் கட்டிப் போட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"அப்பன்னா சரி," என்று டப்பாவின் மூடியைத் திறந்தார் சல்மா.