ராகு காலத்தில் வந்த நிலக்கரி

எங்கள் அப்பாவுக்கு எதையும் சில்லறையாக வாங்கத் தெரியாது. அரிசி என்றால் மூட்டை. துவரம் பருப்பு என்றால் நான்கு குடும்பம் கூடிப் பங்கு போடுகிற மூட்டை. பேப்பர் டவல் வாங்கி வந்தால், நான் கல்லூரிக்குப் போகும்வரை அது தாங்கும்போல் இருக்கும். அப்படிப்பட்டவர், நியூ ஜெர்சியின் மேற்கு ஓரத்தில் பென்சில்வேனியா எல்லைக்குப் பக்கமாக ஒரு பழைய வீட்டை வாங்கினார். அதன் பேஸ்மென்டில் நிலக்கரியில் எரியும் ஒரு பெரிய இரும்பு அடுப்பு இருந்தது. அதிலிருந்து கிளம்பும் சூடு குழாய்கள் வழியாக மேலே ஏறி, ஒவ்வொரு அறையின் தரையிலும் உள்ள கம்பிச் சல்லடை வழியே வரும். வீட்டைக் காட்டிய ஏஜென்ட் அந்த அடுப்புக்காக எங்களிடம் மன்னிப்பே கேட்டார். கழற்றி எறிந்துவிட்டு ஆயில் ஹீட்டர் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பாவோ அதைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேர டிரைவில் சுரங்கமே இருக்கும்போது ஆயில் எதற்கு என்பது அவர் கட்சி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. எடிசன் நகரப் பக்கம் அபார்ட்மென்ட்களில் இருந்த எங்கள் தமிழ் சிநேகிதர்கள் எல்லாம் சுவரில் ஒரு பட்டனைத் திருகிக் குளிர்காய்ந்தார்கள். நாங்கள் கரி அள்ளினோம்.

முதலில் ஹார்டுவேர் கடையில் நாற்பது பவுண்டு மூட்டைகளாகத்தான் வாங்கினோம். இது ஊரில் இஸ்திரிப் பெட்டியில் போடுகிற கரி அல்ல. கையில் எடுத்தால் கல்; பற்ற வைக்கப் பொறுமை வேண்டும்; பற்றிக்கொண்டால் விடிய விடிய சூடு குறையாது. ஒவ்வொரு மூட்டையைத் தூக்கும்போதும், இதையே லாரியோடு வாங்கியிருக்கலாமே என்று அப்பாவின் மனம் அடித்துக்கொண்டது. கடைசியில் பென்சில்வேனியாவில் ஒரு கரிக்கிடங்குக்கு போன் செய்து நான்கு டன் சொல்லிவிட்டார். லாரி வரும், அதிலிருந்து ஒரு தகரச் சரிவை நீட்டுவார்கள், பேஸ்மென்ட் ஜன்னல் வழியாகக் கரி நேராக உள்ளே போய் விழும், நம் கையில் ஒரு தூசிகூடப் படாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். தம்பி மூன்று வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டான். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். ஒன்பது நாளாக இருவரும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். எடை குறைவான பிள்ளை, வீடு நன்றாகச் சூடாக இருக்க வேண்டும் என்று நர்ஸ் அப்பாவிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

எங்களைப் பார்த்துக்கொள்ள டெக்சாஸிலிருந்து பெரியம்மா வந்திருந்தாள். அம்மாவின் அக்கா. பெரியப்பாவுக்கு டாலஸ் பக்கம் ஆலனில் வேலை. அங்கே ஒரு ஸ்வெட்டரோடு குளிர்காலம் முடிந்துவிடும், ஆகையால் எங்கள் வீட்டில் பெரியம்மா இரண்டு ஸ்வெட்டரும் அப்பாவின் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டுதான் சாதமே வடித்தாள். அவளுக்குக் குழந்தைகள் இல்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததே கிடையாது. அவள் பெட்டியில் வரும் முறுக்குக்குப் போட்டி இல்லை என்பதுதான் எனக்கு அதில் தெரிந்த விஷயம்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பெரிய பனி வரும் என்று ரேடியோ சொன்னதால் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். காலை பத்து முப்பத்தைந்துக்கு லாரி வந்தது. அப்பா மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர்போல வாசலுக்கு ஓடினார். டிரைவர் இறங்கி, தகரச் சரிவைக் கழற்றப் போனார். அப்போது பெரியம்மா சமையலறை ஜன்னலைத் தூக்கித் தலையை நீட்டி அப்பாவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, செத்த இருங்க. வெள்ளிக்கிழமை பத்தரை தாண்டிருச்சு. பன்னெண்டு மணி வரைக்கும் ராகு காலமுங்க. பச்சப்புள்ள வர்ற வீடு. அடுப்புக்கு வர்ற பொருளு இந்நேரத்துல உள்ள வர வேண்டாமுங்க."

அப்பா கம்ப்யூட்டர்காரர். நம்பிக்கை கிடையாது, ஆனால் கணக்கு உண்டு. "அக்கா, அது கோயமுத்தூர் காலண்டருங்க. இங்க சூரியன் உதிக்கறதே ஏழு இருபதுக்கு. அப்படிப் பார்த்தா ராகு காலம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. பத்து அம்பதுக்கு மேலதான்."

"இவரு கொட்டி முடிக்கறதுக்குள்ள ஆரம்பிச்சுருமுங்களே" என்றாள் பெரியம்மா.

தன் கணக்காலேயே தோற்றுப்போன அப்பா, பன்னிரண்டு மணி வரை காத்திருக்க முடியுமா என்று டிரைவரைக் கேட்டார். பனிக்கு முன்னால் இன்னும் இரண்டு வீட்டுக்குப் போக வேண்டும், இப்போதே போடட்டுமா, திரும்பக் கொண்டுபோகட்டுமா என்றார் அவர். அப்பா வானத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "உள்ள வரக் கூடாது, அவ்வளவுதானே அக்கா? வெளிய கொட்டச் சொல்லட்டுமா?"

பெரியம்மா கொஞ்சம் யோசித்தாள். வெளியே கிடந்தால் தப்பில்லை என்றாள்.

இங்கேயா, இங்கேயேவா என்று டிரைவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அப்பா ஆமாம் என்றார். நான்கு டன் கரி இடி இடிப்பதுபோல இறங்கியது. தூசி அடங்கியபோது கார் வந்து போகும் டிரைவ்வேயில், எங்கள் கராஜ் கதவை அடைத்துக்கொண்டு, அதன் கைப்பிடி உயரத்துக்கு ஒரு குன்று நின்றது. லாரி போன பிறகுதான் நான் கேட்டேன், "Appa, isn't our car in there?"

கார் கராஜுக்குள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அள்ளிவிடலாம், இப்போது யார் எங்கே போகிறோம் என்று அப்பா சிரித்துச் சமாளித்தார். பதினொன்று பத்துக்கு போன் அடித்தது. அம்மா. பனி வருவதால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இரண்டு மணிக்குள் வந்தால் உண்டு. விட்டால் ரோடு திறக்க மூன்று நாளோ நான்கு நாளோ, யார் கண்டது. "என்னால இனி ஒரு ராத்திரி இங்க இருக்க முடியாதுங்க" என்று அம்மா அழுவது ரிசீவருக்கு வெளியே எனக்குக் கேட்டது. இதோ கிளம்பிட்டேன் என்று சொல்லி அப்பா போனை வைத்தார். பிறகு வெளியே ஓடிப்போய் மண்வெட்டியால் குன்றை அள்ளி அள்ளிப் பக்கத்தில் எறிந்தார். எறிந்ததில் பாதி உருண்டு பழைய இடத்துக்கே வந்தது.

எதிர் வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தார். எங்கள் ஸ்கூல் பஸ்ஸை ஓட்டுபவர். பஸ்ஸில் யாராவது குரலை உயர்த்தினால் கண்ணாடியில் ஒரே ஒரு பார்வை பார்ப்பார், அத்தோடு சரி. செப்டம்பரிலிருந்து அவரிடம் நான் குட் மார்னிங் தவிர வேறு பேசியதில்லை. அவர் தெருவைக் கடந்து வந்து குன்றைப் பார்த்தார், கராஜைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா மூச்சுவாங்க விஷயத்தைச் சொன்னார். ஏன் இங்கே கொட்டினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. குழந்தையின் கார் ஸீட் எங்கே என்றுதான் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். கராஜின் பக்கவாட்டுக் கதவு வழியாக அப்பா கார் ஸீட்டை எடுத்து வந்தார். அதற்குள் அந்த அம்மாள் தன் வீட்டிலிருந்து ஒரு பழைய தகரத்தை இழுத்து வந்து எங்கள் பேஸ்மென்ட் ஜன்னலில் சரிவாக வைத்து, கரியை இதில் தள்ளுங்கள், தானே உள்ளே போகும் என்று எனக்குச் சைகை காட்டினார். பிறகு தன்னுடைய நீளமான பழைய காரில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நானும் பெரியம்மாவும் நின்றோம். மணி பதினொன்றரைகூட ஆகவில்லை. வீட்டுக்குள் மூட்டைக் கரி ஒரு வாளிதான் மிச்சம். பெரியம்மா சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள், கீழே அப்பாவின் ட்ராக் பேன்ட் தெரிந்தது. மண்வெட்டியை எடுத்தாள்.

"It's not twelve yet, பெரியம்மா" என்றேன். நான் நியாயக்காரி.

"மணியப் பாக்காத சாமி, வாளியப் புடி."

குன்றிலிருந்து ஜன்னல் வரை பதினைந்து அடி இருக்கும். அவள் அள்ளி, தூக்கி, கொட்டினாள். நான் பாதி வாளியை இரண்டு கையாலும் இழுத்துப் போனேன். நான் பதினோரு வாளியோடு நின்றுவிட்டேன். அவள் போட்டதை அறுபதுவரை எண்ணினேன். அதற்குமேல் விரல் விறைத்துவிட்டது. நடுவில் கீழே போய் அடுப்பில் புதுக் கரியைப் போட்டோம். போட்டதும் நெருப்பு காணாமல் போய் எல்லாம் கறுப்பாகிவிட்டது. பெரியம்மா பதறிப்போய்க் கம்பியை எடுத்துக் கிளறப் பார்த்தாள். இந்தக் கரியைக் கிளறினால் செத்துவிடும் என்று அப்பா சொல்லியிருந்தார். நான் கம்பியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். இருவரும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மாவின் உதடு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கரியின் இடுக்குகளில் நீல நிறத்தில் சின்னச் சின்னதாகத் தீ எழுந்தது. "எந்திரி, இன்னும் பத்து வாளி" என்று அவள் படியேறினாள்.

மூன்று மணிக்கு, பனி நன்றாக விழத் தொடங்கியிருந்தபோது, அந்த நீளமான கார் வந்து நின்றது. அம்மா இறங்கினாள். கையில் கம்பளிச் சுருள், அதற்குள் தம்பி. குன்றைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டாள். "யாருங்க இதை இங்க கொட்டச் சொன்னது?"

"நான்தான். என் புத்தி" என்றார் அப்பா.

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என் குல்லாவைப் பிடித்து மூக்குவரை இழுத்துவிட்டார்.

குல்லாவைத் தூக்கிப் பார்க்கும்போது பெரியம்மா ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்திருந்தாள். ஆனால் அவள் சுற்றவில்லை. பஸ் அம்மாளிடம் தட்டை நீட்டினாள். "அவங்களுக்கு மூணு புள்ளைங்கன்னு சொன்னீங்கல்ல தம்பி, அவங்க எடுக்கட்டும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கதவோரமாகச் சுவரோடு ஒதுங்கிக்கொண்டாள். கை கரியாக இருப்பதால்தான் அப்படிச் செய்கிறாள் என்று நான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளும் ஜலதோஷம் என்று சொல்லித் தம்பியை அவள் தூக்கவே இல்லை என்பதும், ஊரில் எத்தனையோ வளைகாப்பிலும் தொட்டில் வைபவத்திலும் அவளை அப்படி ஓரத்தில் நிற்கப் பழக்கியிருந்தார்கள் என்பதும், எனக்குக் கல்யாணமாகி என் வயிற்றிலும் ஒன்று கலைந்த பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது.

பஸ் அம்மாள் கம்பளித் தொப்பியோடு, அப்பா விரலால் காட்டியபடி, மிகுந்த பயபக்தியுடன் மூன்று சுற்று சுற்றினார். ஆனால் அம்மா படியேறவில்லை. தலையில் பனி விழ விழ அங்கேயே நின்றாள்.

"அக்கா, நீ வந்து வாங்கிக்கோ. நீதான் இவன உள்ள தூக்கிட்டுப் போகோணும்."

"கை பூராக் கரி, கண்ணு."

"இருக்கட்டும்."

"வேண்டாம் புள்ள, சொன்னாக் கேளு."

"நீ வாங்கலீன்னா நான் இங்கயேதான் நிப்பேன்" என்றாள் அம்மா. தையல் போட்ட வயிற்றோடு, பனியில், அவள் நிஜமாகவே நின்றாள். கடைசியில் பெரியம்மா இரண்டு கைகளையும் நீட்டினாள். கம்பளியில் பத்து விரலும் பதிந்தது.

உள்ளே போனதும் அப்பா ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைப் படித்தார். குழந்தையைத் தொடும் முன் யாராயிருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நான் கழுவினேன். நகத்தில் கறுப்பு இருக்கிறது என்று அம்மா திருப்பி அனுப்பினாள். மறுபடி கழுவினேன். மூன்றாம் முறை கழுவிவிட்டு வந்தபோது பெரியம்மா சூட்டுச் சல்லடைக்குப் பக்கத்தில் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, அதே கறுத்த கையால் அவன் காலை நீவிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"She didn't even wash once!" என்று நான் கத்தினேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படுக்கையில் புரண்டபடி நான் இந்த அநியாயத்தை ஆராய்ந்தேன். ஒரே ஒரு காரணம்தான் பிடிபட்டது. பெரியம்மா அறுபது வாளிக்குமேல் போட்டவள், நான் பதினொன்று. யார் நிறையக் கரி சுமக்கிறார்களோ அவர்கள் கை கழுவ வேண்டியதில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் காலை எல்லோரும் எழுமுன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெளியே போனேன். முழங்கால் அளவு பனி. குன்று எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பனியைத் தோண்டித் தோண்டிக் கரி எடுத்துப் பதினைந்து வாளி தள்ளினேன். பிறகு அம்மாவின் கட்டிலருகே போய், இரண்டு கைகளையும் நீட்டி, "I did fifteen. Now give him to me" என்றேன்.

"ஐயோ, கையப் பாரு! போடீ, போய்க் கழுவு!" என்று அம்மா அலறினாள்.

பக்கத்தில் பால் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா எதற்கு இது என்று கேட்டாள். நான் என் வாளிக் கணக்கை முழுவதும் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள், அம்மாவும் கூடச் சேர்ந்துகொண்டாள். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. திட்டு வாங்கினவள் நான்.