பொதுமக்கள்: ஒருவர்

காலை பதினொன்று இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. நகராட்சி மன்றக் கூட்டங்களில் நடப்பதை மினிட் புத்தகத்தில் எழுதும் குமாஸ்தா பேசினார்.

"சார், மேடம் பின்வரிசையில உக்காந்தபடியே சாஞ்சுட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள..."

மேடத்தின் கணவர் அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்புடன் கிளம்பினார்.

அவள் கல்லூரியில் அரசறிவியல் பேராசிரியை. ஊரை ஆள்வது யார் என்று தெரியவேண்டுமானால் தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவில் திரும்புகிறது என்று பார் என்பாள். அதற்காக இருபத்தாறு வருடம் மன்றக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்தாள். யார் பேசினார்கள், யார் வாயெடுத்து அடங்கினார்கள், எல்லாம் நோட்டில் ஏறும். அவள் மட்டும் வாய் திறந்ததில்லை.

"ஊர் வம்பு கேக்குறதுக்கு டாக்டர் பட்டம் வாங்கினது நீ ஒருத்திதான்" என்று கணவர் சீண்டுவார்.

"நான் வெறும் காதுங்க. பேசினா ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்."

போன வருடம் பழைய மினிட் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது ஒரு வரியில் கண் நின்றது. கால்வாய்த் தெருவை இடிக்கும் தீர்மானம். 'பொதுமக்கள்: ஒருவர். ஆட்சேபணை இல்லை.' தெருக்காரர்களுக்கு அன்று கூட்டம் என்பதே தெரியாது. வந்திருந்த அந்த ஒருவர் அவள்தான். அந்த வரியைக் காட்டித்தான் நாற்பது வீடுகளையும் தரைமட்டமாக்கினார்கள்.

அதன்பிறகு சாப்பிடும்போது அவள் கை பாதியில் நிற்கும். "யாரோ கதவு தட்டுறாங்களா?" என்பாள். கணவர் போய்ப் பார்ப்பார். வாசலில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அவள் இறந்த மூன்றாம் நாள் குமாஸ்தா அவளுடைய மனுவோடு வந்தார். 'அன்று வந்திருந்தவள் நான். அந்தத் தெருவில் குடியிருந்தவள் அல்ல. வரியைத் திருத்தவேண்டும்.'

"மேடம் சாஞ்ச அன்னிக்குப் பேசுறேன்னு பேர் குடுத்திருந்தாங்க சார். மூணாவது ஆள். எல்லார் முன்னாடியும் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுறேன்னாங்க. ரெண்டாவது ஆள் குப்பைத்தொட்டியப் பத்திப் பேசி முடிக்கவே இல்ல."

தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அந்த வரிய எழுதினது நான்தான். பொதுமக்கள் கட்டத்தக் காலியா விட்டா மேலருந்து திருப்பி அனுப்புவாங்க. நிமிந்து பார்த்தேன், மேடம் உக்காந்திருந்தாங்க."

"இப்ப நீங்களே திருத்தலாமே?"

"வந்திருந்த ஆள்தான் சார் மனு குடுக்கணும். நீங்க போட்டா எடுத்துப்பாங்களான்னு வேணா கேட்டுப் பாக்கட்டுமா?"

"நான் அன்னிக்கு அங்க இல்லையே, தம்பி."

கதவு தட்டுவதுபோல் இருந்தது. கணவர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். குமாஸ்தா மனுவை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மனு அவள் மேஜையில் பேனாவுக்கு அடியில் இருக்கிறது. தேதி எழுதியிருக்கிறாள். கையெழுத்து இல்லை.