ஆடாத ஆட்டத்தில் மூன்று கோல்

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றை எழுதியவள் நான். அதில் ஒரு பொய் இருக்கிறது. கைதவறி வந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம், தெரிந்தேதான் எழுதினேன்.

நான் பந்தை உதைத்தவள் அல்ல. ரொறன்ரோவில் ஊர்ப் பெடியள் சேர்ந்து கழகம் தொடங்கியபோது, பார்க் மைதானத்துக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. அத்தனை ஆம்பிளைகளில் ஒருவருக்கும் நாலு வரி எழுதப் பொறுமை இல்லை. கடிதம் எழுதப் போன நான் செயலாளராகி, அப்படியே வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டேன். மழையில் கோட்டுக்கு வெளியே குடையோடு நின்று, யார் கோல் அடித்தது, யாருக்கு மஞ்சள் அட்டை என்று எழுதுவேன். ஆட்டம் முடிந்ததும் தோற்றவர்கள் என்னோடுதான் சண்டைக்கு வருவார்கள். நானும் லேசில் விடமாட்டேன்.

இந்தக் குறிப்புகளுக்காகக் காத்திருக்க ஊரில் ஒருவன் இருந்தான். என் தம்பி. ஊர்க் கழகத்தின் கோல் கீப்பரும் அவன்தான், செயலாளரும் அவன்தான். ஊரில் இருப்பதும் ரொறன்ரோவில் இருப்பதும் ஒரே கழகம் என்பது அவனுடைய பிடிவாதம். ஒரே நிறச் சட்டை, ஒரே பெயர், ஆகவே ஒரே கொப்பி. ஊரில் ஆடியதை நீல மையிலும் இங்கே ஆடியதைச் சிவப்பு மையிலும் அதில் எழுதுவான். ஞாயிறு காலை தொலைபேசியில் நான் முடிவைச் சொல்ல வேண்டும். அக்கா எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னரே, "வெண்டனாங்களோ?" என்று வெற்றியைத்தான் கேட்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலை கிடைத்து வன்னிக்குப் போனவன், யுத்தத்தில் பாதை பூட்டப்பட்டதும் அங்கேயே அகப்பட்டான். கொப்பியும் அவனோடு போனது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் சனம் இடத்துக்கு இடம் ஓட, அவனும் ஓடினான். பிறகு அவனிடமிருந்து எப்போதாவதுதான் அழைப்பு வரும். எங்கேயோ வரிசையில் நின்று, ஒன்றிரண்டு நிமிடம் பேசுவான்.

இங்கே பனி உருகத் தொடங்கியிருந்தது. மில்லிக்கன் பக்கம் ஓர் உள்ளரங்கில் குளிர்கால லீக்கின் கடைசி ஆட்டம். அணியின் சட்டைகள் இருந்த பையைக் காரில் போட்டுக்கொண்டு நான் போனேன். எங்கள் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. எல்லாரும் டவுன்டவுனில், யுத்தத்தை நிறுத்தச் சொல்லி வீதியில் நின்றார்கள். எதிரணிப் பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நடுவர் கால் மணிநேரம் பொறுத்தார். பிறகு விதிப்படி, வராத அணி மூன்றுக்குச் சைபர் தோல்வி என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். கையெழுத்துப் போட்டுவிட்டு நானும் டவுன்டவுனுக்குப் போனேன்.

அடுத்த நாள் காலை வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்ட் குசினியில் அடுப்பருகே நின்றபோது தம்பி தொலைபேசி எடுத்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"சாப்பிட்டியோடா?"

"அதை விடு அக்கா. நேற்று மட்ச் எல்லோ? வெண்டனாங்களோ?"

ஒருவரும் ஆடப் போகவில்லை, எல்லாரும் உனக்காக வீதியில் கத்திக்கொண்டு நிற்கிறார்கள், கேட்பார்தான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"வெண்டிட்டமடா. மூண்டுக்குச் சைபர்."

"ஆர் அடிச்சது?"

முதல் இரண்டுக்கும் வழக்கமாக அடிக்கும் இருவரைச் சொன்னேன். மூன்றாவதற்கு யாரும் வாயில் வரவில்லை. பின்வரிசையில் இடப்பக்கம் நிற்பவரைச் சொல்லிவிட்டேன். அவர் அதுவரை ஒரு கோலும் அடித்ததில்லை. தம்பி ஊரில் அவரோடு ஒன்றாக ஆடியவன்.

"அந்த அண்ணையோ? பொய் சொல்லாதை அக்கா!"

"உண்மையடா."

எப்படி அடித்தவர் என்று கேட்டான். அதற்கும் ஒரு கதை கட்டினேன். தம்பி சிரித்தான். அந்த இரைச்சலுக்குள், வயிறு காய்ந்து நின்றவன், வாய்விட்டுச் சிரித்தான். "பொறு, கொப்பியிலை எழுதுறன். சிவப்புப் பேனை இல்லை, பறவாயில்லை" என்றான். லைன் அறுந்தது.

சில வாரங்களில் யுத்தம் முடிந்தது. முகாம்களில் எடுத்த பட்டியல்களை எல்லாம் பார்த்தேன். வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். யுத்தத்தின் கடைசி வாரத்தில் அவனைக் கடற்கரைப் பக்கம் ஒரு பையோடு கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. அவனை நினைத்து அழுவதா காத்திருப்பதா என்று இத்தனை வருடத்தில் நான் முடிவெடுக்கவில்லை.

பிறகு கழகம் ஆண்டு மலர் போட முடிவெடுத்து, வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டியது. எல்லா ஆட்டங்களையும் வரிசையாக எழுதினேன். தோற்றதை எல்லாம் தோற்றதென்றே எழுதினேன். அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் மூன்றுக்குச் சைபர் வெற்றி என்று போட்டு, கோல் அடித்தவர்களையும் குறிப்பிட்டேன்.

தலைவர் கண்டுபிடித்துவிட்டார். விட்பியில் வீடு வாங்கிய நாள் முதல், எங்கே வந்தாலும் எவ்வளவு தூரம் கார் ஓடி வந்தேன் என்று சொல்லித்தான் உட்காருவார். அன்றும் அதைச் சொல்லிவிட்டு, என் வீட்டு மேசையில் தாளை வைத்தார்.

"அக்கா, லீக்கின்ரை பதிவிலை நாங்கள் தோத்தது எண்டு கிடக்கு. இதை மாத்துங்கோ. மற்றக் கழகக்காரர் சிரிப்பாங்கள்."

"மாத்தமாட்டன்."

"ஏன்?"

தாளை அவர் பக்கமே தள்ளிவிட்டேன். தலைவர் சாட்சிக்கு ஆளும் கொண்டுவந்திருந்தார். இடப்பக்கப் பின்வரிசைக்காரரையே. இப்போது உடம்பு வைத்து, முன்தலை வழுக்கையாகி, டிரக் ஓட்டுகிறார். பொய் வராத மனுசன். பந்து கையில் பட்டால் நடுவர் காணாவிட்டாலும் தானே கையைத் தூக்கிவிடுவார். அதனால் ஒரு முறை பெனால்ட்டி கொடுத்து கப்பையே இழந்தோம், அப்போது நானும் அவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

"அண்ணை, நீங்களே சொல்லுங்கோ. உந்த மட்சிலை கோல் அடிச்சனீங்களோ?" என்றார் தலைவர்.

அவர் கண்ணாடியைப் போட்டுத் தாளை வாசித்தார். தன் பெயரில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அந்தத் தொலைபேசி அழைப்பை முதல்முறையாக வாய்திறந்து சொன்னேன். அவன் சிரித்ததையும் சொன்னேன்.

"அவன்ரை கொப்பியிலை நாங்கள் வெண்டிருக்கிறம்" என்றேன். "அவன் வந்தால் ரெண்டும் ஒண்டாயிருக்க வேணும். கொப்பி எங்கை கிடக்குதோ தெரியாது. நான் வேறை மாதிரி எழுதினால் கடைசியா அவனுக்குச் சொன்னது பொய்யாப் போயிடும்."

தலைவர் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கனநேரம் துடைத்தார்.

"தங்கச்சி, அந்தக் கோல் எப்பிடிப் போனதெண்டு தம்பியிட்டைச் சொன்னனீர்?"

"ஏன் அண்ணை?"

"ஆரும் கேட்டால் நான் பிழையாச் சொல்லக்கூடாதெல்லோ."

"கோர்னர் கிக் வந்தது" என்றேன். "நீங்கள் தலையாலை இடிச்சனீங்கள்."

அவர் மெல்லத் தலையாட்டினார். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "ஓம். தலையாலைதான் அடிச்சனான். எழுதினபடி விடும்" என்றார்.