மாப்பிள்ளை என்று ஒரு பேலட்

அன்று ஷெட்டில் இருந்தவர்கள்: லோடு ஏற்றும் ஆரோக்கியசாமி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அன்வர். சூப்பர்வைசர் ராஜமாணிக்கம். அப்புறம் நான், பேலட் சோதிக்கிறவன்.

சோதிக்கிறவன்... அதுதான் பொய். நான் சோதிக்கவில்லை. சோதித்தேன் என்று சொன்னேன். ஆரோக்கியசாமியின் இடுப்பு நொறுங்கியது.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பேலட் என்பது பலகை அடித்த மேடை. அதன் மேல் சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்டில் தூக்குவார்கள். திருவெறும்பூர் பக்கம் எங்கள் ஷெட்டில் பேலட் அடித்து, இரும்புச் சரக்கு ஏற்றி அனுப்புகிறோம். நூற்றிருபது பேலட் சேர்ந்தது ஒரு லாட். ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை உருவ வேண்டும். ஒரு டன் இரும்புக் கட்டியை அதன் மேல் அடுக்கி ஒரு நாள் முழுக்க விட வேண்டும். பலகை தொய்ந்தால் அந்த லாட்டே வெளியே போகக் கூடாது. அது என் வேலை.

கட்டிகளைக் கையால்தான் அடுக்குவேன். அடுக்கி, இறக்கி, மறுபடி அடுக்கி... முதுகு விட்டுப்போனது. ஒரு மழைக்காலத்தில், நன்றாகத் தாங்கிய பேலட் ஒன்றின் மேலிருந்து எடையை நான் இறக்கவில்லை. அடுத்த லாட் வந்தது. சாக்பீஸால் எழுதியிருந்த பழைய லாட் எண்ணை அழித்தேன். புது எண்ணை எழுதினேன். அவ்வளவுதான்!

யாரும் மிரட்டவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தது. சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பார்ப்பார். எடையோடு ஒரு பேலட் நிற்கும். தலையாட்டிவிட்டுப் போவார்.

அன்வருக்கு மட்டும் தெரியும். அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தவனே அவன்தான்.

“என்னண்ணே, மாப்பிள்ளை இன்னும் எந்திரிக்கலையா?”

“சீர் பத்தலையாம்டா.”

சிரித்தோம். ஆமாம்... சிரித்தோம்!

அன்று தூக்கிய லாட் ஈர மரத்தில் அடித்தது. தொட்டால் கை சில்லிட்டது. எனக்குத் தெரியாதா? தெரியும். எண்ணை மாற்றி எழுதினேன்.

அதில் ஒன்றை அன்வர் சரக்கோடு தூக்கினான். கட்டிய பட்டை நழுவியது. “இழுத்துக் கட்டுப்பா!” என்று ராஜமாணிக்கம் சத்தம் போட்டார். ஆரோக்கியசாமி அடியில் போனான். பலகை முறிந்தது.

விசாரிக்க ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார்.

“இந்த லாட்டை டெஸ்ட் பண்ணியா?”

“பண்ணினேங்க.”

“அப்ப பேலட்ல குறை இல்ல. கீழ போய் நின்னவன் தப்பு.”

அன்வர் என்னைப் பார்த்தான். ராஜமாணிக்கம் தரையைப் பார்த்தார்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை அறுத்தும் ஆரோக்கியசாமி எழவில்லை. தப்பு அவனுடையது என்று முடித்ததால் கம்பெனி கையை விரித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் மனைவி ஸ்டெல்லா வந்தபின் நான் அவன் வீட்டுக்குப் பார்க்கப் போவேன்.

“சொன்னா கேக்குற ஆளா இவரு? அங்க எதுக்குப் போய் நிக்கணும்? நீங்களே கேளுங்கண்ணே!”

“விடு ஸ்டெல்லா. அண்ணன் டெஸ்ட் பண்ணின பேலட் உடையுமா? நான்தான் பட்டைய வேகமா இழுத்துட்டேன் போல.”

கேட்டீர்களா? அவனே நம்புகிறான்! நான் அவள் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வாயெடுத்தேன்.

“ஆரோக்கியம்...”

“என்னண்ணே?”

“மாத்திரை போட்டியா?”

எதற்குப் பயம்? வேலை போகும் என்றா? போலீஸ் வரும் என்றா? இல்லை. அவன் என்னை அண்ணே என்று கூப்பிடுவது நின்றுபோகும். அதற்குத்தான்! எவ்வளவு அற்பம் பாருங்கள். அதற்காக அவனைத் தப்புச் செய்தவனாகவே படுக்கவிட்டிருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்து வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்புவேன். காவிரிப் பாலத்தில் கோபுரம் தெரிந்ததும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்குக் கை எழாது. என்னவென்று கேட்பது?

இன்னும் ஒன்று இருக்கிறது. சோதித்தேன் என்று நான் சொன்னதால் அந்த லாட்டை யாரும் நிறுத்தவில்லை. மறுநாளே சரக்கோடு லாரியில் ஏறியது. எந்த ஊர்க் கிடங்கில், எவன் தலைக்கு மேல் தூக்குகிறார்களோ... ஏற்றும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். நிறுத்தவில்லை. எண்ணினேன்.

நூற்றுப் பத்தொன்பது.