கேன்டீனில் நான் அளந்த துப்பாக்கிக் கதை

யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷங்கள் ஆகியும், பெங்களூரில் எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் துப்பாக்கிக் கதைகள் ஓயவில்லை. பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் பிரென் கன், ஸ்டென் கன் என்று அளப்பார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து கிளார்க் ஆனவன் நான். சும்மா இருக்க முடியாமல், "எங்க நைனா பர்மாவுல பிரென் கன்னால பத்துப் பேரைச் சாய்ச்சாரு" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். உண்மையில் என் அப்பா பட்டாளத்தில் துப்பாக்கிகளைத் துடைத்து வைத்தவர்.

அடுத்த ஞாயிறு, கேன்டீனில் அதைக் கேட்டிருந்த மாஜி ஹவில்தார் முனுசாமி ஆஸ்டின் டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னாண்ணே, பத்துப் பேராமே! எங்க, எப்படின்னு சொல்லுங்க!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் ஒரு குண்டுகூட சுட்டதில்லப்பா. செத்தவனுங்க ரைபிளெல்லாம் என்கிட்ட வரும். ரத்தத்தக் கழுவி, எண்ணெ போட்டு வெப்பேன். மறுநாள் அதையே புதுசா வந்தவன் கையில குடுக்கணும். 'நல்ல துப்பாக்கியாண்ணே?'ன்னு கேப்பான். 'நல்லதுதாம்பா'ம்பேன்."

முனுசாமி, "நானும் அப்படிக் கேட்டுத்தாண்ணே வாங்கினேன்" என்றார்.

அப்பா என்னைத் திட்டவில்லை. திங்கட்கிழமை கேன்டீனில், நான் சொன்னது பொய் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். சிலர் சிரித்தார்கள். அது எனக்கு உறைக்கவில்லை. அப்பாவின் வேலையைச் சொல்ல வெட்கப்பட்டேனே, அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.