குடைக்குச் சொல் தேடியவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் ஆண்டின் மழைக்காலத்தில், அச்சகக் கட்டடத்தின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்ட நாளில்தான் அவள் அவரை முதன்முதலாகப் பார்த்தாள். சரியாகச் சொன்னால், கேட்டாள். உள்ளே கும்மிருட்டு. மேலே யாரோ காறிக்காறி எதையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, யாருங்க அது?"

"மெக்கானிக்மா, பயப்படாதீங்க. வேலை செய்யறப்போ கிளிங்கன் பேசிப் பழகுறேன்."

"பேசிப் பழகுறீங்களா? யாரோ யார் கழுத்தையோ நெரிக்கிறாங்கன்னு நினைச்சேன்!"

விண்வெளிக் கதையொன்றின் போர்வீரர்களுக்காக ஒருவர் உட்கார்ந்து படைத்த மொழி அது. உடன் வேலை பார்த்தவர்கள் அவருக்குக் 'கனைப்புக்காரர்' என்றே பெயர் வைத்திருந்தனர். அவளோ அச்சகத்தில் பிழைதிருத்துநர். ஒற்று மிகக்கூடாத இடத்தில் மிகுந்திருந்தால் அவளுக்கு அன்று சோறு இறங்காது. அவரை மணந்துகொண்ட பிறகு, செயப்படுபொருளை முதலிலும் எழுவாயைக் கடைசியிலும் நிறுத்தும் அந்தத் தலைகீழ் இலக்கணத்தை அவரைவிடச் செம்மையாகக் கற்றுக்கொண்டாள். கடைப் பலகை, மருந்துச் சீட்டு, மாமியாரின் வசவு என்று அகப்பட்டதையெல்லாம் இருவரும் அதில் மொழிபெயர்த்தனர். இல்லாத சொல்லைத் தாமாக உருவாக்க அவருக்கு மனம் வராது. தெரிந்த சொற்களைக் கோத்து, சுற்றி வளைத்தாவது சொல்லுவார். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டாரென்றால், பால் பொங்கி அடுப்பே அணைந்தாலும் திறக்கமாட்டார்.

ஒருநாள் வேலையிடத்தில் கை மரத்துப்போய் மயங்கி விழுந்தார். மூளையில் கட்டி, பேச்சுக்குரிய பகுதியை ஒட்டி வளர்ந்திருந்தது.

"விழிச்ச நிலையிலேயே வச்சு, படம் காட்டிப் பேச வைப்போம்," என்றார் அறுவை மருத்துவர். "பேச்சு தடுமாறுற இடத்தைத் தொடாம விட்டுடுவோம். ஒவ்வொரு மொழிக்கும் இடம் கொஞ்சம் மாறலாம். வீட்டுல என்ன பேசுவீங்க?"

"எல்லாரும் பேசுறதுதான். சண்டை மட்டும் கிளிங்கன்ல, டாக்டர்."

மருத்துவர் சிரித்தார், கணவர் சிரிக்கவில்லை. "அதையும் காப்பாத்திக் கொடுங்க."

"அது சரியா தப்பான்னு யாருங்க சொல்றது?"

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தனர்.

அறுவை அரங்கில், திரைக்கு இப்பால் அமர்ந்திருந்த அவளுக்கு அவருடைய முகம் மட்டும் தெரிந்தது. தாய்மொழிச் சொற்கள் தடையின்றி வந்தன. பிறகு கிளிங்கன். மரம் என்றார், நாய் என்றார். அடுத்த படம் குடை. பேச்சே இல்லை.

"நின்னுடுச்சே. இந்த இடத்தை விட்டுடவாம்மா?" என்று திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

விட்டால் கட்டி தங்கிவிடும். விடாமல் வெட்டினால் பேச்சு போய்விடலாம். குனிந்து பார்த்தாள். கண்களை மூடியிருந்தார், உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

"பொறுங்க, டாக்டர். வார்த்தை தேடுறார்."

"நல்லாத் தெரியுமா?"

"தெரி... தெரியும்."

நொடிகள் நகர மறுத்தன. கடைசியில் வந்தது விடை: மழையைத் தடுக்கும் கேடயம். அவள் மூச்சுவிட்டாள், திரைக்கு அப்பால் வேலை தொடர்ந்தது.

அடுத்த படம் கை. அன்றாடம் புழங்கிய சொல். இம்முறை அவருடைய கண்கள் அகலத் திறந்திருந்தன. உதடு அசையவில்லை. கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருப்பவரைப் போல அவளையே பார்த்தார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க, டாக்டர்!"

நிறுத்தினார்கள். கட்டியில் ஒரு துணுக்கு அங்கேயே தங்கிவிட்டது.

அவர் வீடு திரும்பி, அவளுடைய கிளிங்கன் வினைமுற்றுகளில் குறை கண்டுபிடித்துச் சண்டையும் போட்டார். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்கு மகிழ்ச்சியும், தங்கிவிட்ட துணுக்கை எண்ணித் திகிலும் சேர்ந்தே வந்தன. சில ஆண்டுகளில் அந்தத் துணுக்கு மறுபடியும் வளர்ந்தது. மீண்டும் அறுத்தாக வேண்டும்; முழுவதும் எடுத்தால் பேச்சுக்கு உத்தரவாதமில்லை, மிச்சம் வைத்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் மருத்துவர். இம்முறையும் அவள்தான் அருகில் அமர வேண்டும்.

அந்த அறுவைக்குப் பின் அவர் நெடுநாள் வாழ்ந்தார். ஆனால் எந்த மொழியிலும் பேசவில்லை. அறுவைக்குச் சற்று முன், அரங்கின் கதவருகே, சக்கரக் கட்டிலில் படுத்தபடி, குளிர்ந்த விரல்களால் அவளது மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டு அவர் சொன்னதே, வாய்திறந்து அவர் கேட்ட கடைசி வேண்டுகோள்:

"எனக்குச் சாகப் பயமா இருக்கு. பேச்சு போனாப் போகட்டும். நான் எப்படி முழிச்சுப் பார்த்தாலும், இந்தத் தடவை நிறுத்தச் சொல்லிடாதே."