சுண்டு விரலில் மட்டும்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்ததில் என் வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. தகடு வைத்து ஆபரேஷன் செய்தால்தான் சேரும் என்றார் எலும்பு டாக்டர்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக் கடையில் எனக்கு வேலை. வருகிறவர்களிடம் பேசி, புடவையைப் பிரித்துக் காட்டுவதெல்லாம் மற்ற பெண்கள். அவர்கள் பிரித்துப் போட்டதைத் திரும்ப மடித்து அடுக்குவது நான். அதிகம் பேச வேண்டாத வேலை என்பதால்தான் இத்தனை வருடம் அங்கேயே இருக்கிறேன். கை சரியாகாவிட்டால் அதுவும் போய்விடும்.

என் கணவர் லாரி ஓட்டுகிறவர். அன்றைக்கு ஆந்திரா பக்கம் போயிருந்தார். அதனால் ஆஸ்பத்திரிக்கு நாத்தனார்தான் துணைக்கு வந்தாள். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். என்னிடம் யார் எதைக் கேட்டாலும் அவளே பதில் சொல்லிவிடுவாள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒரு பெண். வார்டுக்கு வந்து, மூச்சிரைப்பு உண்டா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உண்டு டாக்டர். மார்கழி வந்தாப் போதும், விசில் அடிக்கிற மாதிரி இழுக்கும்" என்றாள் நாத்தனார்.

"அப்ப முழு மயக்கம் வேண்டாம். தோளுக்கு மேல, கழுத்தோரமா ஒரு ஊசி போட்டா கை மட்டும் மரத்துப் போயிடும். முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பீங்க. எங்கயாவது உணர்ச்சி இருந்தா சொல்லணும். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கதான் சொல்லணும்."

"எங்க அண்ணிக்கு வாயே கிடையாது டாக்டர். பஸ்ல யாராவது காலை மிதிச்சாக்கூட, அவங்களா எடுக்கிற வரைக்கும் நிப்பாங்க. நானும் கூட வந்துடறேனே?"

"உள்ள விட மாட்டாங்கம்மா" என்று டாக்டர் சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியும் கத்தியும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் நான்தான் சொல்ல வேண்டும் என்றால்? வலித்து, அப்போதும் வாய் வராமல் போனால்? ஸ்ட்ரெச்சரில் படுத்துப் போகும்போது இடது கையால் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். தியேட்டர் வாசலில் அதை விட்டபோது கூட்டத்தில் தொலைந்தவள் மாதிரி ஆகிவிட்டது.

உள்ளே குளிர். டாக்டர் என் தோளுக்கு மேல் ஒரு ஸ்கேன் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தினார். எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பிறகு கட்டை விரல் தானாகத் துள்ளியது. நான் அசைக்கவில்லை. நரம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்பதற்கு அது அடையாளம் என்றார். கொஞ்ச நேரத்தில் கை சூடானது, கனத்தது. அப்புறம் கை இருப்பதே தெரியவில்லை.

நெஞ்சின் மேல் கையை மடித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நர்ஸ் யாருடைய கையையோ தூக்கிப் பிடித்துப் பழுப்பு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். அதில் என் பச்சை ரப்பர் வளையல் கழற்றிய தடம் தெரிந்தது. என் கைதான். தூக்கிப் போட்டுவிட்டால்கூட எனக்குத் தெரியாது.

டாக்டர் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கட்டை விரலில் வைத்தார்.

"ஜில்லுன்னு இருக்கா?"

"இல்லைங்க."

"இங்க?"

"இல்லைங்க."

மேல் கை, முன்கை, உள்ளங்கை என்று வந்தார். எல்லாவற்றுக்கும் இல்லைங்க. அந்த நேரம் பார்த்து, கை கழுவி முடித்து வந்த எலும்பு டாக்டர், "என்ன, ஆச்சா?" என்றார். பஞ்சு சுண்டு விரலுக்கு வந்தது. ஜில்லென்று இருந்தது. சந்தேகமே இல்லை.

"இல்லைங்க" என்றது என் வாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. எல்லோரும் காத்திருக்கிறார்கள், என்னால் தாமதம் ஆகக்கூடாது, அவ்வளவுதான் அந்த நேரத்தில் தோன்றியது.

முகத்துக்கு நேரே பச்சைத் துணியைத் திரை மாதிரி கட்டினார்கள். அதற்கு அந்தப் பக்கம் நடப்பது எதுவும் தெரியவில்லை. தட்டில் இரும்புச் சாமான்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. மயக்க டாக்டர் என் தலைமாட்டில் உட்கார்ந்து, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"புடவை மடிக்கிறேங்க."

"அய்யோ, எனக்கு அது மட்டும் வரவே வராது. மடிச்சா மூட்டை மாதிரி இருக்கும்."

நான் சுண்டு விரலையே நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே உணர்ச்சி இருந்தால் அதை ஒட்டிய ஓரமெல்லாம் இருக்குமோ? வெட்டப்போவது அந்தப் பக்கமாக இருந்தால்?

"ஆரம்பிக்கலாமா?" என்றது திரைக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

"டாக்டர்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மூச்சை இழுத்து மறுபடியும் சொன்னேன். "டாக்டர்! சுண்டு விரல்ல ஜில்லுன்னு இருந்துச்சுங்க."

சத்தமெல்லாம் நின்றது.

"இதை இப்பத்தான் சொல்றாங்களா?" என்றார் எலும்பு டாக்டர்.

"இப்பவாவது சொன்னாங்களே. இருங்க சார்." மயக்க டாக்டர் எழுந்து அந்தப் பக்கம் போனார். முன்கையின் ஓரத்தில், சுண்டு விரல் பக்கமாக, எதையோ வைத்து லேசாகக் கிள்ளினார். "ஆ" என்று கத்திவிட்டேன்.

"சில பேருக்கு அந்த ஓரத்து நரம்புக்கு மட்டும் மருந்து சரியாப் போய்ச் சேராது. இன்னொரு ஊசி போட்டாச் சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே தலைமாட்டுக்குத் திரும்பி வந்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

அக்குள் பக்கத்தில் இரண்டாவது ஊசி போட்டார்கள். இந்த முறை பஞ்சு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு, நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னேன். எலும்பு டாக்டர் ஒருமுறை பெருமூச்சு விட்டது கேட்டது. விடட்டும் என்று இருந்தேன். பிறகு துளை போடும் சத்தம் கேட்டது, உடம்பு குலுங்கியது, வலி மட்டும் வரவேயில்லை.

வார்டுக்கு வந்த பிறகும் பயம் விடவில்லை. மாவுக்கட்டோடு கை தலையணை மேல் கிடந்தது. மடியில் எடுத்து வைத்தால் சரிந்து விழுந்தது. சாயங்காலம் வரை விரல்களைப் பார்த்து மனசுக்குள் அசை, அசை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்படியே நின்றுபோனால் புடவையை யார் மடிப்பது?

விளக்குப் போடும் நேரத்துக்கு நர்ஸ் வந்து, "வலி இருக்காம்மா?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர், நிம்மதியாத்தான் இருக்காங்க" என்றாள் நாத்தனார், ஆரஞ்சு உரித்துக்கொண்டே.

"இருக்கு" என்றேன். "இப்பத்தான் ஆரம்பிக்குது. குத்துற மாதிரி."

நாத்தனார் உரிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "என்ன அண்ணி, வலிக்குதுங்கறீங்க, சிரிக்கிறீங்க?"

நர்ஸ் மாத்திரை எடுத்து வரப் போனாள். நான் சுண்டு விரலைப் பார்த்தேன். மாவுக்கட்டின் ஓரத்தில் அது மெதுவாக ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது.